மாமாவின் தோட்டாப் பட்டறை

கருவியைச் செய்வோன் ஒருவன், அதனைக் கையாள்வோன் மற்றொருவன் என்று தொழில் பிரிந்து நிற்றல் இக்கால நாகரிகத்தின் இயல்பு. உழுவோன் தன் கலப்பையைத் தானே செதுக்குவதில்லை. எழுதுவோன் தன் மையைத் தானே கூட்டுவதுமில்லை. வேண்டுவன யாவும் கடையிற் கிடைக்கின்றன. அங்ஙனமிருக்கவும், கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளொன்றைத் தம் வீட்டு மேசையிலமர்ந்து, பல நாள் முயன்று, ஒவ்வொன்றாகத் தாமே செய்துகொள்ளும் மாந்தர் அமெரிக்க நாட்டிற் பலர் உளர். அவர்கள் செய்வது வேட்டைத் துப்பாக்கிக்குரிய தோட்டா. அத்தொழிலை அணுகி நின்று காணும் பேறு சென்ற கோடை விடுமுறையில் எமக்குக் கிடைத்தது. ஆங்குக் கண்டனவற்றையும் கேட்டனவற்றையும், அவற்றால் எம் உள்ளத்தெழுந்த எண்ணங்களையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

எம் அன்னையுடன் பிறந்த மாமா, பொறியியற் பணியின்பொருட்டு நெல்லைச் சீமையை விட்டுச் சென்று, வயோமிங் மாநிலத்திற் குடியேறி ஆண்டுகள் பலவாயின. அமெரிக்க மாநிலங்கள் ஐம்பதனுள்ளும் மக்கட்டொகையிற் கடையது வயோமிங். எங்கு நோக்கினும் பரந்த மேட்டுவெளி. முழங்காலளவு வளர்ந்து நரைத்த நிறங்கொண்ட புதர். ஓயாது வீசுங் காற்று. அவ்வெளியிற் 'பிராங்ஹார்ன்' என்னும் மானையொத்த விலங்கு கூட்டங் கூட்டமாய் மேய்கின்றது. வட அமெரிக்காவின் நிலவிலங்குகளுள் ஓட்டத்தில் அதற்கு நிகர் பிறிதில்லை. அதன் கண்ணோ மிகக் கூரியது. ஒதுங்குதற்கு ஒரு மரமுமில்லா வெளியில் அதனை அணுகுதல் அரிதாதலின், தொலைவிலிருந்தே சுட்டுவிடும் ஆவல் ஆங்குள்ள வேட்டைக்காரர்க்கு எழுதல் இயல்பேயாம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை விலக்கப்பட்டது; அது தக்கதே. அமெரிக்காவில் நிலை வேறு. உரிமச் சீட்டுப் பெற்றுக் குறித்த பருவத்திற் குறித்த தொகையளவே ஆங்கு வேட்டையாடலாம். துப்பாக்கியின் மீதும் தோட்டாவின் மீதும் விதிக்கப்படும் வரி காட்டுயிர்களைப் பேணுதற்கே செல்ல வேண்டுமென 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வகுத்துள்ளது. மாமாவின் குடும்பத்தினர் ஆண்டிற்கு ஒரு மானை வேட்டையாடி, அவ்விறைச்சியைக் குளிர்ப்பெட்டியிற் சேமித்துப் பல திங்கள் உண்கின்றனர். எமக்கோ கோழியறுத்தலையும் கண்கொண்டு காணும் மனத்திண்மை இல்லை. ஆதலின் ஒருவகை அருவருப்புடனேயே அவர்தம் பட்டறையினுள் நுழைந்தோம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

தோட்டா நான்கு உறுப்புடையது. பித்தளையாலான கூடு ஒன்று. அக்கூட்டின் அடியிற் பதிக்கப்பெற்று, துப்பாக்கியின் ஊசி தாக்கியவுடன் பொறி பிறப்பிக்கும் 'பிரைமர்' என்னுஞ் சிறு கிண்ணம் ஒன்று. கூட்டினுள் நிறைக்கும் வெடிமருந்து. கூட்டின் வாயிற் செருகி நிற்கும் குண்டு. குண்டு பறந்து செல்லும்; மருந்து எரிந்தொழியும்; பிரைமர் பயனற்றுப் போம். பித்தளைக் கூடு மட்டும் எஞ்சி நிற்கும். விலைமிக்க உறுப்பு அதுவேயாதலின், அதனை எறிந்துவிடாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சிக்கனத்திலிருந்தே பலர் இக்கைத்தொழிலிற் புகுகின்றனர். பின்னரோ சிக்கனம் மறந்துபோம்; செம்மையே நோக்கமாய் நிற்கும். "கடையில் வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும்" என்று அத்தை நகைத்துரைத்ததை யாம் பன்முறை கேட்டோம்.

மாமாவின் துப்பாக்கி '7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம்' என்னும் வகையினது. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வகைத் தோட்டாவின் குண்டு 0.284 அங்குல விட்டமுடையது. யானைக்குரிய பெருங்குண்டுமன்று, முயலுக்குரிய சிறுகுண்டுமன்று, இடைநிகர்த்தது. 1907ஆம் ஆண்டிற் சம்பாவத் என்னுமிடத்து ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பெற்ற ரிக்பி துப்பாக்கியும் இவ்விட்டமுடைய குண்டினையே எறிவதென்று மாமா உரைத்தபோது, பள்ளிப்பருவத்திற் படித்த கதைகளெல்லாம் எம் நினைவிற்கு வந்தன.

ஒருமுறை சுடப்பட்ட பித்தளைக் கூடு, உள்ளெழும் அழுத்தத்தாற் பருத்துத் துப்பாக்கியறையின் வடிவினைப் பெற்றுவிடுகின்றது. அதனைத் துடைத்து, எண்ணெய்ப் பசை சிறிது தடவி, நெம்புகோலுடைய அச்சுப்பொறியில் வைத்து அழுத்தினால், எஃகச்சினுட் புகுந்து பழைய அளவிற்கு மீள்கின்றது. எரிந்த பிரைமரும் அப்பொழுதே வெளியே தள்ளப்படுகின்றது. அழுத்துந்தோறும் பித்தளை சிறிது நீளுமாகையால், நீளத்தை அளந்து மிகுதியைச் சீவ வேண்டும். வாயின் உள்விளிம்பையும் புறவிளிம்பையும் மழுக்க வேண்டும். பின்னர்ப் புதிய பிரைமர் பதித்து, மருந்தை நிறுத்திட்டு, குண்டினை நேராகச் செருகுதல் வேண்டும். சொல்லுதற்கு எளிய இப்பணி, இருபது தோட்டாவிற்கு ஒரு மாலைப்பொழுதையே கொள்கின்றது.

இவற்றுள் மருந்து நிறுத்தலே எம்மைப் பெரிதும் கவர்ந்தது. மருந்தையும் குண்டினையும் நிறுக்கும் அளவை 'கிரெயின்' எனப்படும். 7,000 கிரெயின் கொண்டது ஓர் இராத்தல். நம் பொற்கொல்லர் பொன் நிறுக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் நிறையுடையது. மாமாவோ ஒரு கிரெயினிற் பத்திலொரு கூறும் பிழையாமல் நிறுக்கின்றார்; அஃதாவது, குன்றிமணியை இருபது கூறிட்டு அதில் ஒரு கூற்றிற்கும் கணக்குப் பார்க்கின்றார். யாம் துப்பாக்கியையாதல் மருந்தையாதல் தொடுதற்கு அவர் இடங்கொடுத்திலர். கணக்கெழுதும் பணியே எமக்கு அளிக்கப்பெற்றது. நிறை, நீளம், வேகம், வீழ்ச்சி என நான்கு பத்தி வகுத்த குறிப்பேடொன்றில், அவர் கூறக்கூற யாம் எழுதிவந்தோம்.

அவ்வேளையில் அவரிடம் ஒருவரும் பேசலாகாது. மேசைமேல் ஒரே மருந்துக்குப்பிதான் இருத்தல் வேண்டும். பிறவெல்லாம் பூட்டிய பேழையுள் இருக்கும். என்னை? ஒரு மருந்திற்குப் பிறிதொன்று மாறிவிடின் துப்பாக்கியே பிளந்து சுடுவோனை மாய்க்கவுங் கூடும். அவ்வகைத் தோட்டாவில் எழும் அழுத்தத்திற்கு விதிக்கப்பட்டுள்ள எல்லை, சதுர அங்குலத்திற்கு 61,000 இராத்தல். மோட்டார் வண்டிச் சக்கரத்திற் காற்றின் அழுத்தம் முப்பதிற்குச் சிறிது மேற்பட்டது என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். ஆகவே மருந்தும் குண்டும் செய்வோர் அச்சிட்டளிக்கும் நூலிற் கண்ட கீழளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே ஏற்றுவர். பிரைமர் தட்டையாதல், துப்பாக்கியின் தாழ் திறத்தற்குக் கடினமாதல் முதலிய குறிகள் தோன்றின் அந்நிலையிலே நிறுத்திக் கீழிறங்குவர். நூலிற் கண்ட மேலெல்லையைக் கடத்தல் மடமை என்பது மாமாவின் துணிபு.

குண்டுகளையும் அவர் ஒவ்வொன்றாக நிறுத்து, நிறை ஒத்தவற்றைத் தனியே வகுத்து வைப்பார். "தாவீது கைக்குக் கிட்டிய கல்லையெல்லாம் எடுக்கவில்லை, மருமகனே; ஆற்றிலிருந்து வழுவழுப்பான கல் ஐந்தைத் தெரிந்தெடுத்தான்" என்று ஒருநாள் கூறினார். கவண் சுழற்றிய அவ்விடைச் சிறுவனை வீரன் என்ற அளவிலேயே அறிந்திருந்த யாம், அவன் கல் பொறுக்கிய நுட்பத்தை அன்றுதான் எண்ணினோம்.

வாரந்தோறும் சனிக்கிழமையிற் சுடுகளத்திற்குச் செல்வோம். 500 கெஜத் தொலைவில் ஓர் இரும்புத்தகடு தொங்கும். குண்டு அத்தொலைவைக் கடக்க ஏறக்குறைய 0.6 வினாடி செல்லும். எப்பொருளும் அக்காலத்திற் கிட்டத்தட்ட 5¾ அடி வீழ்தல் இயற்கை நியதி. குண்டும் அதற்கு விலக்கன்று. ஆதலின் துப்பாக்கியின் குழல் சிறிது மேல்நோக்கியே நிற்கும். தொலைநோக்கியின் அளவுகளையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்வர். வீழ்ச்சி கணக்கிற்கு அடங்குவது. ஒரு தோட்டாவிற்கும் மறு தோட்டாவிற்கும் வேகம் வேறுபடின் அக்கணக்குப் பிழைபடும். தொடக்க வேகம் வினாடிக்கு 30 அடி மாறினால், 500 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலோ கீழோ சென்று படும். குன்றிமணியில் இருபதிலொரு கூறு என்று மாமா நிறுத்ததெல்லாம் இவ்வொன்றரை அங்குலத்தின் பொருட்டே.

ஆயின் காற்று வேறு. குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் காற்று, அத்தொலைவிற் குண்டினை ஏறக்குறைய ஒன்றரை அடி ஒதுக்கிவிடுகின்றது. மானின் நெஞ்சகத்தில் நுரையீரலும் இதயமும் அமைந்த இடமோ ஒரு சாண் அகலமே. அதற்கு அப்பாற் படின் குடலோ காலோ சிதையும். விலங்கு விழாது, ஓடும். நெடுநேரம் துடித்தே மாளும். ஒன்றரை அங்குலத்தைத் திருத்தத் திங்கட்கணக்கில் உழைப்பு. ஒன்றரை அடியைத் தள்ளும் காற்றை நிறுத்தற்கோ தராசு ஒன்றுமில்லை. குறிப்பேட்டில் இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிய நாளில், யாம் மாமாவை நோக்கினோம். அவரும் எம்மை நோக்கினார். இருவரும் ஒன்றும் பேசிலேம்.

குண்டின் அமைப்பிலும் ஒரு வியப்பு உண்டு. வேட்டைக் குண்டு உடலுட் புகுந்தவுடன் முனை மலர்ந்து காளான் வடிவெய்தும்படி செய்யப்பெறுவது. காயம் பெரிதாகி உயிர் விரைந்து பிரியும். முனை மலரும் குண்டுகள் 1890ஆம் ஆண்டுகளிற் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரின் படைக்கலச் சாலையிற் செய்யப்பட்டமையால், அப்பெயர் உலகெங்கும் பரவிற்று. 1899ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், போரில் அத்தகைய குண்டு ஆகாதென அறிவித்தன. அதே குண்டினை வேட்டையிற் கட்டாயமாக்கி, மலராத படைக்குண்டினைப் பெருவிலங்கின்மேல் எய்தலாகாதென அமெரிக்க மாநிலங்கள் பல விதித்துள்ளன. மாந்தர்மேற் கொடுமையென விலக்கியது விலங்கின்மேல் இரக்கமென வேண்டப்படுவது முரணன்றோ என வினவினோம். போரில் எதிரியைச் செயலறச் செய்தாற் போதும், அவன் பிழைத்து வீடு திரும்பலாம்; வேட்டையிலோ விலங்கு பிழைத்தற்கு வழியில்லை, ஆதலின் விரைவொன்றே அதற்குச் செய்யத்தகும் இரக்கம் என்றார் மாமா. 1946ஆம் ஆண்டிற் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பார், சேறு காய்ந்து பூசிய தோலையுடைய பெருமானொன்றைச் சுட, குண்டுகள் தோலருகே சிதறி உள்ளே செல்லாமற் போயின. அதனால் அவர் நடுவே தடுப்புச்சுவர் வைத்த குண்டொன்றைத் தாமே ஆக்கினார் என்ற செய்தியையும் அவர் கூறினார். முன்பகுதி மலரும்; பின்பகுதி உருக்குலையாது ஊடுருவும்.

விடுமுறையின் நடுவில் வீட்டினுள் ஒரு வழக்கு எழுந்தது. மாமா நான்கு வாரம் உழைத்துத் தேர்ந்த குண்டு, உள்ளே ஈயமும் மேலே செப்புத்தோலும் உடையது. அத்தகைய குண்டு உடலுட் சிதறுங்கால், கண்ணுக்குத் தெரியா ஈயத்துகள்கள் இறைச்சியிற் கலக்கின்றன. 2008ஆம் ஆண்டில் வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகட்கு அளிக்கப்பெற்ற மானிறைச்சியில் ஈயத்துகள் காணப்பட்டு, அதனை விலக்குமாறு அரசாங்கச் சுகாதாரத் துறையினர் அறிவித்தனர். வேட்டைக்காரர் வெளியில் விட்டுச் செல்லும் குடலை உண்டு கழுகினமும் மடிகின்றது. கலிபோர்னியாவின் 'காண்டர்' என்னும் பெருங்கழுகு 1982ஆம் ஆண்டில் உலகெங்கும் இருபத்திரண்டே எஞ்சியிருந்தது. அதன் மீட்சிக்கு ஈயநஞ்சே பேரிடராய் நின்றமையின், அம்மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி வேட்டைக்கு ஈயக்குண்டு முற்றும் தடுக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்திருந்த அத்தை, "பிள்ளைகளின் தட்டில் ஈயம் வேண்டாம்" என்று ஒரே சொல்லாற் கூறிவிட்டார். மாமா ஒரு நாள் முழுதும் முகங்கொடுத்துப் பேசிலர். பின்னர் முழுதுஞ் செம்பாலாகிய குண்டினை வருவித்தார். செம்பு ஈயத்தினும் இலேசானது. நிறை ஒத்திருப்பின் நீளம் மிகும். கூட்டினுள் இடம் குறையும். மருந்தின் அளவும் மாறும். ஆகவே கீழளவிலிருந்து யாவும் மீளத் தொடங்க வேண்டியதாயிற்று. எம் குறிப்பேட்டில் இருபத்தாறு பக்கங்கள் குறுக்கே கோடிடப்பெற்றன. அன்றியும் செம்புக்குண்டு மலர்தற்கு வேகம் மிகுதியும் வேண்டும். தொலைவு மிகின் வேகம் குன்றும். 500 கெஜமென எண்ணியிருந்த எல்லையை மாமா 400 ஆகக் குறைத்துத் தம் கையாலேயே ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தார்.

ஒருநாள் மாலை, புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் வேட்டையை யாம் அவருக்கு எடுத்துரைத்தோம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் அவன் விடுத்த அம்பு ஒன்றே ஊடுருவிய திறத்தைக் கேட்டு அவர் நகைத்து, "அவன் அம்பு ஐந்தை ஊடுருவட்டும், என் குண்டு ஒன்றை நேரே வீழ்த்தினாற் போதும்" என்றார். தொலைவிலிருந்து சுடுதல் திறமையாகலாம், வேட்டையாகுமோ என்று அப்பொழுது வினவினோம். ஆங்கும் அவ்வினா ஓய்ந்தபாடில்லை. 1887ஆம் ஆண்டில் தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்கு தப்பிச் செல்லுதற்கு நேரிய வாய்ப்பிருத்தல் வேண்டும் என்னும் நெறியை இன்றும் வற்புறுத்துகின்றது. மாமா உடனே விடை கூறிற்றிலர்.

விடை ஐப்பசித் திங்களில் மடலாய் வந்தது. வேட்டைப்பருவத்தின் இரண்டாம் நாட் காலையில், நெடுநேரம் தவழ்ந்து சென்று மேடொன்றன்மேற் படுத்தார். எதிரே கிடா ஒன்று தனித்து நின்றது. தொலைவு காட்டும் கருவி 380 கெஜம் எனக் காட்டிற்று. அவர்தம் எல்லைக்கு உட்பட்டதே. ஆயின் காற்று நிலைகொள்ளவில்லை. புதர் ஒருகால் படிந்து, ஒருகால் நிமிர்ந்தது. விரல் வில்லின்மேல் இருக்க, ஒரு மணிப்பொழுது காத்திருந்தார். கிடா மேய்ந்துகொண்டே மேட்டிற்கு அப்பால் மறைந்தது. பருவத்தின் கடைநாளில் 160 கெஜத்திற் பிறிதொன்று கிட்டிற்று. ஒரு குண்டில் நின்ற இடத்தே வீழ்ந்தது. அம்மடலின் இறுதியில், "கணக்கெழுதியவன் நீ, முதல் நாளையதையும் ஏட்டிற் சேர்த்துக்கொள்: 380 கெஜம், காற்று ஒழுங்கில்லை, சுடவில்லை" என்று குறித்திருந்தார். குறிப்பேட்டின் படி ஒன்று எம்மிடம் உளது. யாம் வகுத்த நான்கு பத்திகளுள் எதனிலும் அது பொருந்தாமையின், பக்கத்தின் அடியில் தனியே எழுதிவைத்தோம்.

யாம் இன்றும் வேட்டையை விரும்புவோமல்லோம். துப்பாக்கி ஏந்தும் ஆசையும் எமக்கில்லை. ஆயினும் பட்டறையுள் நுழைந்தபோதிருந்த அருவருப்பு இப்பொழுது இல்லை. விடுதியில் ஞாயிறுதோறும் இறைச்சி உண்ணுகின்றோம். அவ்வுயிர் எங்ஙனம் மாண்டதென்று ஒருநாளும் வினவியதில்லை. தான் உண்ணும் உயிர் துன்புறாது மாள வேண்டுமென்று குன்றிமணியின் கூறிற்கும் கணக்குப் பார்க்கும் மாமாவை இகழ எமக்கு உரிமை ஏது? திறமை வளருந்தோறும் கை நீளும். நீண்ட கையை மடக்கிக்கொள்ளுதற்கும் அத்திறமையே அறிவு தருதல் வேண்டும். காற்றின் ஒன்றரை அடியை அவருக்குக் கற்பித்தது தோட்டாவின் ஒன்றரை அங்குலத்தை அளந்த உழைப்பேயன்றோ? கல்வி பயிலும் நமக்கும் சொல் என்பது ஒரு குண்டே. அதனை நிறுத்தும் தேர்ந்தும் கூட்டப் பயில்கின்றோம். காற்று ஒழுங்கில்லாத பொழுது விடாதிருத்தலையும் அதனுடனே பயிலுதல் நலம்.